ரஸ்ட் கற்கும்போது எங்கே சிக்கினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள்?

பொங்கோலிலிருந்து:

சனிக்கிழமை மாலைகளில் தெம்பனிஸ் வட்டார நூலகத்தில், ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கும் தம்பி தங்கைகள் சிலரோடு உட்காருவது என் வழக்கம். சிலருக்குப் பைத்தான் தெரியும், சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சி படித்தவர்கள். யார் வந்தாலும் முட்டிக்கொள்ளும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் சேருங்கள்.

முதல் நாள் வரும் பிரச்சினைக்கும் மொழிக்கும் சம்பந்தமே இருக்காது. விண்டோஸில் ரஸ்ட்டை நிறுவி நிரலை உருவாக்கி ஓட்டும் 'கார்கோ ரன்' கட்டளையைக் கொடுத்தால், 'லிங்க்.எக்ஸ்இ' கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். கம்பைல் ஆன, அதாவது இயந்திர மொழிக்கு மாறிய, துண்டுகளை ஒன்றாக இணைக்க, கணினியில் ஏற்கெனவே இருக்கும் லிங்க்கரைத்தான் ரஸ்ட் தேடுகிறது. விஷுவல் ஸ்டூடியோ பில்ட் டூல்ஸில் சி++ பகுதியை நிறுவினால் தீர்ந்தது. உபுண்டுவில் இதே சிக்கல் 'சிசி' இல்லை என்று வரும். அங்கே 'பில்ட்-எசென்ஷியல்' போதும். இந்த இடத்திலேயே மனம் விட்டு மடிக்கணினியை மூடிவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் எனக்கு வருத்தம், அவர்கள் ரஸ்ட்டை இன்னும் பார்க்கவே இல்லை.

அப்புறம் வருவது உரிமைச் சிக்கல், பிழை எண் இ0382. ரஸ்ட்டில் ஒரு தரவுக்கு ஒரு நேரத்தில் ஒரே சொந்தக்காரர்தான்; அதை அப்படியே வேறிடம் கொடுத்தால் உரிமையும் கைமாறும். ஒரு தங்கை பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை ஒரு வெக்டரில் (வளரக்கூடிய பட்டியலில்) வைத்திருந்தார். மாறிக்குத் தமிழிலேயே 'நிறுத்தங்கள்' என்று பெயர். 2021இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து அது செல்லும். அந்த வெக்டரை அச்சிடும் ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் அதன் நீளத்தைக் கேட்டார். கம்பைலர் மறுத்துவிட்டது. திரையில் வந்த செய்தியைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். அதில் மூன்று இடங்கள் சுட்டிக்காட்டப்பட்டிருந்தன: மாறி பிறந்த வரி, அது கைமாறிய வரி, கைமாறிய பிறகும் அதைத் தொட்ட வரி. அதற்குக் கீழே, அந்த ஃபங்ஷனுக்கு உரிமை தேவையில்லை என்றால் இரவலாக வாங்கிக்கொள்ளும்படி அதன் அளவுருவை மாற்றலாம் என்று ஒரு குறிப்பு. கடைசியில்தான் 'குளோன்' செய்யலாம், அதாவது நகல் எடுக்கலாம், என்ற யோசனை. பலரும் அந்தக் கடைசி வரியை மட்டும் படித்து, கண்ட இடத்திலெல்லாம் குளோன் போட்டுவிடுகிறார்கள். பிழை போய்விடும், ஆனால் தரவு யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கும், நாலு கோப்பு தள்ளி மறுபடி முளைக்கும். இங்கே வேண்டியிருந்தது ஃபங்ஷனின் அளவுருவிலும் அழைக்கும் இடத்திலும் இரவல் என்று காட்டும் ஓர் ஆம்பர்சாண்ட் (&) குறி மட்டும்தான்.

சி++ தெரிந்தவர்களுக்குக் கோபம் வருவது இ0502இல். வெக்டரின் முதல் உறுப்புக்கு ஒரு ரெஃபரன்ஸ் (இரவல் சுட்டி) எடுத்து வைத்துக்கொண்டு, இடையில் புது உறுப்பைச் சேர்க்க 'புஷ்' செய்தால், பிறகு அந்த ரெஃபரன்ஸைப் பயன்படுத்த விடாது. ஏன் விடவேண்டும்? இடம் போதாவிட்டால் வெக்டர் மொத்தமாக வேறு நினைவகத்துக்குக் குடிபெயரும், பழைய முகவரியில் யாரும் இருக்கமாட்டார்கள். சி++ இதைக் கம்பைல் செய்து கொடுத்துவிடும், நிரல் என்றைக்கோ ஒரு நாள் விழும். இந்த விளக்கத்தைச் சொன்னபிறகு அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். லூப் ஓடும்போதே உறுப்புகளை நீக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே பதில்தான். அதற்கு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும் 'ரிடெய்ன்' இருக்கிறது.

செங்காங்கிலிருந்து:

அக்கா, நான் சுருக்கமாக இரண்டு சொல்கிறேன். பயனரிடம் எண் வாங்கும்போது 'ரீட்_லைன்' என்டர் தட்டியதையும் சேர்த்தே கொடுக்கும். ஓரத்து வெற்றிடத்தை நீக்கும் 'ட்ரிம்' செய்யாமல், எண்ணாக மாற்றும் 'பார்ஸ்' செய்தால் 25 என்பதுகூட எண் இல்லை என்று பிழை வரும். அடுத்தது, ரஸ்ட் மெதுவாக ஓடுகிறது என்று என் அலுவலகத்தில் ஒருவர் அளந்தே காட்டினார். பிழை தேடுவதற்கான, வேகம் கூட்டப்படாத டீபக் பில்டில் அளந்திருந்தார். '--ரிலீஸ்' போட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

உட்லண்ட்ஸிலிருந்து:

மகளுக்காகத் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். ரஸ்ட்டின் ஸ்ட்ரிங் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அதில்தான். 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் சொல்லும் 'லென்' கேட்டால் 15 வருகிறது, ஏனென்றால் அது பைட் கணக்கு; எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். யூனிகோட் குறிகளைத் தரும் 'சார்ஸ்' கொண்டு எண்ணினால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. குழந்தை எண்ணுவதோ 3. மூன்றுமே சரி, எது வேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும். முதல் எழுத்தை வெட்டியெடுக்க 0 முதல் 1 வரை என்று கொடுத்தால், அது எழுத்தின் எல்லை இல்லை என்று நிரல் அங்கேயே நின்றுவிடும். 'சார்ஸ்' வழியாகச் சொல்லைத் திருப்பினால் புள்ளி முன்னால் வந்து தனியாக நிற்கும், பின்னால் 'ழிமத' என்று வரும். 'யூனிகோட்-செக்மென்டேஷன்' என்ற கிரேட்டில் (ரஸ்ட் நிரல் தொகுப்பில்) 'கிராஃபீம்ஸ்' பயன்படுத்தினால் குழந்தையின் கணக்கு கிடைக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகக் கவனியுங்கள், அவை இரண்டிரண்டாகப் பிரியும். ஆங்கிலச் சொற்களை வைத்தே பழகினால் மூன்று எண்ணும் ஒன்றாகவே வரும், இந்தப் பிரச்சினை கண்ணில் படவே படாது. நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தமிழ்ச் சொற்களை வைத்துப் பழகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஈசூனிலிருந்து:

தேசிய சேவை முடித்துவிட்டு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு நோடும், அதாவது உறுப்பும், அடுத்ததைச் சுட்டும் பட்டியல்) எழுதி மொழியைப் பழகலாம் என்று பார்த்தால் கம்பைலர் ஓட விடமாட்டேன் என்கிறது. உரிமையைப் பகிரும் 'ஆர்சி', உள்ளே மாற்ற விடும் 'ரெஃப்செல்' இரண்டும் போட்டால் கம்பைல் ஆகிறது, ஆனால் ஓடும்போது பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம் அக்கா?

பொங்கோலிலிருந்து:

தம்பி, சியில் அது முதல் வாரப் பயிற்சி, ரஸ்ட்டில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் சுட்டும் லிஸ்டில் ஒரு நோடுக்கு யார் சொந்தக்காரர் என்று ஒருவரைக் காட்ட முடியாது, அதனால்தான் இவ்வளவு சிரமம். 'ரெஃப்செல்' விதியைத் தளர்த்துவதில்லை, சோதனையை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். படிப்பதற்கான இரவலான ஒரு 'பாரோ' உயிரோடு இருக்கும்போதே, மாற்றுவதற்கான இரவலான 'பாரோ_ம்யூட்' கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாங்கிய இரவலை ஒரு சிறு பிளாக்குக்குள் அடைத்துப் பாருங்கள், பிளாக் முடிந்ததும் அது விடுபட்டுவிடும். அதைவிட, எல்லா நோடுகளையும் ஒரே வெக்டரில் போட்டு, சுட்டிகளுக்குப் பதிலாக உறுப்பின் வரிசை எண்ணை வைத்துக்கொள்வது சுலபம். இல்லையென்றால் ஒருபக்க லிஸ்டை 'ஆப்ஷன்', 'பாக்ஸ்' கொண்டு முதலில் எழுதுங்கள். பேனிக் செய்தியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும், அந்த ஃபங்ஷனை இங்கே ஒட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.