ஏஎச்சி வண்டியை உயர்த்திய பிறகு உங்களுக்கு நடந்தது என்ன?

கல்லுத்தடம்:

என்னுடையது லெக்சஸ் எல்எக்ஸ் 470. ஏஎச்சி என்றால் எண்ணெய் அழுத்தத்தால் லோ, நார்மல், ஹை என்று உயரத்தை மாற்றும் சஸ்பென்ஷன். வாங்கும்போதே உயர்த்தியிருந்தார்கள், வெறும் சென்சார் லிஃப்ட், அதாவது உயரம் அளக்கும் சென்சாரை நகர்த்தி, வண்டி தாழ்ந்திருப்பதாகக் கணினியை நம்ப வைப்பது. நார்மலில் நின்றாலே மற்ற வண்டிகளின் ஹை உயரம் இருக்கும். சென்சாரை எப்படி நகர்த்துவார்கள் என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே அந்த ஏற்றத்துக்கு வருகிறேன்.

மழைநீர் அரித்த பாதை. இடது முன்சக்கரம் பாறைமேல் ஏறிவிட்டது. வலது முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றுகிறது. கீழே நின்று வழி காட்டிய நண்பர் "தூக்கு" என்றார். ஹை பொத்தானை அழுத்தினேன். பம்ப் ஓடியது, மூக்கு மெல்ல எழும்பியது. தொங்கிய சக்கரம் கீழே வரவேயில்லை. வண்டியோடு சேர்ந்து அதுவும் மேலே போனது. "ஐயோ நிறுத்து, இப்போ டயருக்கு அடியில என் பூட்ஸே நுழையுது!" என்று கத்தினார். நார்மலுக்கு இறக்கினோம். டயர் தரையைத் தொட்டது, கொஞ்சம் மண்ணைக் கிளறியது, வண்டி ஏறிவிட்டது.

உயர்த்தி வைத்த வண்டி, இறக்கினால்தான் ஏறுகிறது. அந்தச் சக்கரம் மேலே போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆயில் சஸ்பென்ஷனில் கை வைத்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

நைட்ரஜன்:

ஆக்சுவேட்டர், அதாவது சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தூக்கும் எண்ணெய் சிலிண்டர், அதிகபட்சம் நீளும் அளவு மாறாது நண்பரே. அது முழுக்க நீண்டுவிட்டால் அதற்குமேல் சக்கரம் இறங்க வழியில்லை. நீங்கள் உயர்த்தியது பாடியை. சக்கரம் கீழே தொங்க மிச்சமிருந்த தூரத்தைத்தான் அந்த உயரம் எடுத்துக்கொண்டது.

எனக்கு மறக்காதது வேறு. நண்பர் ஒருவரின் லேண்ட் க்ரூயிசர் 100, இதே சென்சார் லிஃப்ட், பல வருடம் அப்படியே ஓடியது. சாலையில் சின்னச் சின்ன ஒட்டுகூட முதுகுத்தண்டில் தெரியும். ரிசர்வாயரைப் பார்த்தோம். ஹையிலிருந்து லோவுக்கு இறக்கும்போது எண்ணெய் மட்டம் புதுக் குளோபில் (எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்த உருண்டை) 14 கோடுவரை ஏறும், 7-க்குக் கீழே என்றால் குளோப் தீர்ந்துவிட்டது என்று கணக்கு. இதில் 7-ஐத் தொடவே இல்லை. முன்பக்கக் குளோபின் ப்ளீடரில் (எண்ணெயை வெளியே விடும் திருகு) உள்ளே தெரியும் குழாயை மாட்டித் திறந்தேன். எண்ணெய் வரும் என்று பார்த்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைதான் பொங்கிப் பொங்கி வந்தது. குளோபுக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் தடுப்புக்கு மறுபக்கம் இருக்க வேண்டிய நைட்ரஜன் முழுக்க எண்ணெய்க்குள் கலந்திருந்தது. குழாயின் முனையில் அது 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அந்த வாயுதான் ஸ்பிரிங். அது போய்விட்டால் எண்ணெய் அமுங்காது, அப்புறம் நீங்கள் இரும்புக் கம்பிமேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் அர்த்தம். சென்சார் லிஃப்ட் குளோபைக் கொன்றுவிடும். செய்யாதீர்கள்.

டார்ஷன்:

நைட்ரஜன் அண்ணே, கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்சாரை நகர்த்துவதால் குளோப் சாகாது. அழுத்தம் கூடியதைக் கவனிக்காமல் விட்டால்தான் சாகும். ரெண்டும் வேறு.

என் அனுபவம் சின்னது. சென்சாரை நகர்த்தி முன்பக்கத்தை உயர்த்தியாயிற்று. டெக்ஸ்ட்ரீமில் (டொயோட்டாவின் சோதனை மென்பொருள்) பார்த்தால் முன்பக்க எண்ணெய் அழுத்தம் 8 மெகாபாஸ்கலைத் தாண்டி நிற்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி, டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) போல்ட்டை இரண்டு பக்கமும் சமமாகத் திருகி, இறக்கி, எஞ்சினைப் போட்டு வண்டியை நார்மலுக்கு வரவிட்டேன். மட்கார்டு உயரம் ஒரு மி.மீ.கூட மாறவில்லை. திரையில் எண் மட்டும் இறங்கி 6.9-க்குப் பக்கத்தில் நின்றது. சாதாரண வண்டியில் அந்தப் போல்ட்டைத் திருகினால் வண்டி உயரும். இதில் உயரத்தைத் தீர்மானிப்பது சென்சார், அதனால் போல்ட் உயரத்தைத் தொடுவதே இல்லை, சுமையைத்தான் பங்கு போடுகிறது. இதைக் கண்ணால் பார்த்த அன்றுதான் இந்த சிஸ்டம் எனக்குப் பிடிபட்டது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் பாதி வேலையோடு நிறுத்துகிறார்கள். வண்டியின் எடை மாறாது. அதை ஸ்பிரிங்கும் எண்ணெயும் சேர்ந்து சுமக்கின்றன. சென்சாரால் உயர்த்தினால் ஸ்பிரிங் தளர்ந்து தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும், விட்ட பங்கு முழுக்க எண்ணெய் தலையில் விழும். எண்ணெயில் அழுத்தம் ஏறினால் குளோபில் வாயு சுருங்கும். சுருங்கிய வாயு கடினமான ஸ்பிரிங். வண்டி முரட்டுத்தனமாக ஓடுவது அதனால்தான். டயாஃப்ரமும் எப்போதும் வேண்டாத இடத்திலேயே வேலை செய்யும்.

முதலில் இடது வலது உயரத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஏறுமாறாக இருக்கும்போது அழுத்தத்தைப் படித்துப் பயனில்லை. அப்புறம் சென்சார். அப்புறம் முன்னால் டார்ஷன் பார், 6.9 மெகாபாஸ்கல் வரும்வரை. சக்கரத்தில் சுமை இருக்கும்போது அந்தப் போல்ட்டைத் திருகினால் மரை போய்விடும், வண்டியைத் தூக்கியே திருகுங்கள். பின்னால் ஸ்பிரிங்குக்கு அடியில் 30 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி கூட்டும் வளையம்), அல்லது கொஞ்சம் கனமான ஸ்பிரிங். அங்கே 6-ஐச் சுற்றி நின்றால் போதும். வின்ச், இரும்பு பம்பர், கூரை கேரியர் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும். முன்னால் வின்ச் ஏறினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

ஆனால் கல்லுத்தடத்தின் பிரச்சினை இதனால் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுத்தம் சரியானால் ஓட்டம் மென்மையாகும். சக்கரம் தொங்கும் தூரம் ஒரு நூல்கூட அதிகமாகாது.

சேறுபூசி:

முன்பக்கத்தை ரொம்ப உயர்த்திய ஒரு 100-ஐக் கழுவிக்கொண்டிருந்தேன். ரிம்மின் உள்பக்கம் முழுக்க கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தது. சிவி பூட்டின் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி உரசி ஒரு இடத்தில் வாய் பிளந்திருக்கிறது. ஜாயின்ட் நன்றாகத்தான் இருந்தது, கோணம்தான் அதிகம். அந்த ஓட்டையில் விரலை விட்டால் கிரீஸோடு மணல். டிஃபை (டிஃபரன்ஷியல்) இறக்கும் கிட் போட்டு ஆக்சிலின் கோணத்தைக் குறைத்தபிறகு புதுப் பூட் தாங்கியது. முன்னால் உயரம் கூட்டுகிறவர்கள் தயவுசெய்து டயருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.

ஆக்சில்:

எல்லாரும் உயரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் டிராவல் கதை, அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும் தூரத்தின் கதை, சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர், எல்எக்ஸ் 470, பின்னால் சக்கரம் இன்னும் இறங்க வேண்டும் என்று ஆக்சுவேட்டர் மேல்மௌன்டில் ஸ்பேசர் வைத்திருந்தார். வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்கையும் கழற்றியிருந்தார். பின் ஆக்சில் அழகாக வளைந்தது, நான் படம்கூட எடுத்தேன். ஆற்றுப்படுகையில் ஒரு குழியில் ஆக்சில் முழுக்கத் தொங்கியது, வெளியே வந்தது, அவ்வளவுதான். சமதரையில் வந்து நின்ற வண்டியின் பின்பக்கம் தானாக உட்கார ஆரம்பித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அது இறங்கிக்கொண்டே போய் பம்ப் ஸ்டாப்பில் (மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பர்) போய் நின்றது. டயர் மட்கார்டுக்குள். ஓட்டுனர் ஹை அழுத்துகிறார், ஏறவில்லை.

அடியில் ஆளை அனுப்பாமல் செல்ஃபோனை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தோம். பின் சென்சாரின் லிங்க், ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்கியதில் மறுபக்கம் புரண்டிருந்தது. முழங்கை பின்பக்கமாக மடங்கியது போல. அதனால் தாழ்ந்திருக்கும் வண்டியை உயரமாக இருப்பதாகக் கணினி படிக்கிறது, எண்ணெயை ரிசர்வாயருக்கு விடுகிறது. இறங்க இறங்க இன்னும் உயரம் என்றே படிக்கிறது. ஏஎச்சியை ஆஃப் செய்து, பாடியை ஜாக்கியில் தூக்கி, லிங்கைத் திருப்பிப் போட்டதும் சரி. வீடு திரும்பியதும் லிங்கை நீளமாக்கினார்.

டிராவல் கூட்டினால் அதோடு சேர்ந்து நீள வேண்டியவை நிறைய. சென்சார் லிங்க், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர். ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்கே பிடிக்கும் பேன்ஹார்ட் ராட் அதைப் பக்கவாட்டில் இழுக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

டார்ஷன்:

ஆக்சில் ப்ரோ, மேலே ஸ்பேசர் வைத்தது டிராவல் கூட்டியது ஆகாது. இருக்கிற டிராவலைக் கீழே நகர்த்தியது. கீழே எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவு மேலே குறைந்திருக்கும். பம்ப் ஸ்டாப்பை அதே அளவு கீழே இறக்காவிட்டால் ரப்பர் தொடுவதற்கு முன்னால் ஆக்சுவேட்டர் உள்ளுக்குள் முட்டும். இறக்கினாரா?

ஆக்சில்:

இறக்கியிருந்தார். நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஸ்டெபிலைசர் லிங்கைக் கழற்றியதில் வளைவு நிஜமாகவே கூடியது. பாதி டிராவலை அந்தக் கம்பி பயன்படுத்தவே விடுவதில்லை. பாறையில் ஓட்டுகிறவருக்கு அதுதான் மலிவான வழி. சாலைக்கு வந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும், வளைவில் கவிழ்ந்து காட்டும்.

சாய்ந்தகோபுரம்:

ஸ்டெபிலைசர் பற்றி வந்ததால் சொல்கிறேன். என்னுடையது ஏஎச்சி இல்லை, கேடிஎஸ்எஸ். முன்பின் ஸ்டெபிலைசர் பார்களை எண்ணெய் சிலிண்டரால் இணைத்திருக்கும், பாறையில் தானே தளர்ந்து கொடுக்கும், லிங்கைக் கழற்றவே வேண்டியதில்லை. ஸ்பிரிங் மாற்றி உயர்த்தினோம். தூரத்தில் நின்று பார்த்தால் வண்டி ஒரு தோளைத் தாழ்த்தி நிற்கிறது. வேலை செய்த கடையில் சாய்ந்த பக்கம் மட்டும் ஸ்பேசர் போடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, பழைய உயரத்தில் பூட்டிக்கிடந்த எண்ணெயில். வண்டிச் சட்டத்தின் (சேசிஸ்) மேல் இருக்கும் வால்வ் கட்டையில் இரண்டு ஷட்டர் வால்வ். சமதரையில் நிறுத்தி இரண்டையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினோம். எதுவும் நடக்காத மாதிரி ஒரு கணம். அப்புறம் வண்டி மூச்சு விட்டுத் தானாக நிமிர்ந்தது. வால்வை மூடினோம், முடிந்தது வேலை. ஸ்பேசர் போட்டிருந்தால் எண்ணெயும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று காலத்துக்கும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். உயர்த்துவதற்கு முன்னாலேயே அந்த வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்தச் சாய்வே வராது.

பச்சைஎண்ணெய்:

நான் சிட்ரோயன் ஆள். எங்கள் எண்ணெய்-வாயு சஸ்பென்ஷன் 1954-இல் 15-6 எச் வண்டியின் பின்பக்கத்தில் வந்தது, மறுவருடம் டிஎஸ்ஸில் நாலு சக்கரத்திலும். டிஎஸ்ஸில் இரும்பு ஸ்பிரிங்கே இல்லாமல் எல்லா எடையும் எண்ணெய், நைட்ரஜன் மேல்தான். கல்லுத்தடம் சொன்னதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். லீவரை உச்ச உயரத்தில் வைத்தால் சக்கரம் கீழே போக இடமே இருக்காது. ஒரு நண்பர் அப்படியே சின்ன மேட்டில் ஏற்றி இறக்கினார். பஞ்சு மாதிரி ஓடும் வண்டி 'டங்' என்று அடித்தது, உள்ளே இருந்த எல்லாரும் ஒன்றாகக் குதித்தோம். அந்த உயரம் டயர் மாற்றவும், மோசமான ஒரு இடத்தை ஊர்ந்து கடக்கவும் மட்டும்தான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நைட்ரஜன் ப்ளீடர் திறந்ததைச் சொன்னார். நான் நேரில் பார்த்த ஒன்று: ஒருவர் ப்ளீடரைக் கால் சுற்றுத்தான் திறந்தார். அந்த மூலை ஒரு சாணுக்கு மேல் கீழே வந்தது, கண் இமைப்பதற்குள். ஸ்பேனர் பிடித்த கை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்தது. விரல் நசுங்காமல் தப்பியது டயர் சற்றுத் திரும்பியிருந்ததால்தான். எண்ணெய் தாங்கும் வண்டிக்கு அடியில் ஜாக்கியை நம்பிக்கூடப் போகாதீர்கள். சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட். எஞ்சின் நிறுத்தியிருந்தாலும் ஸ்டாண்ட். சென்சாரை ஒரு மி.மீ. நகர்த்தத்தான் கை விடுகிறேன் என்றாலும் ஸ்டாண்ட், ஏனென்றால் சென்சார் நகர்ந்தால் வண்டியும் நகரும்.

எண்ணெயும் கவனம். எங்கள் வண்டிகளில் பழைய சிவப்பு எல்எச்எஸ் வேறு, பச்சை எல்எச்எம் வேறு. ஒன்றில் மற்றதை ஊற்றினால் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும். ஏஎச்சிக்கும் அதற்கென்றே எண்ணெய் இருக்கிறது, அவசரத்துக்கு பிரேக் ஆயில் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கல்லுத்தடம்:

எல்லாருக்கும் நன்றி. அழுத்தம் பார்த்தேன், முன்னால் 8.3. டார்ஷன் பாரில் சரிசெய்யப் போகிறேன். ஆக்சில் அண்ணே, பின்னால் எனக்கு நிஜமாக எவ்வளவு டிராவல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆக்சில்:

ஸ்டாண்டில் சட்டத்தை நிறுத்தி, அழுத்தத்தை முழுக்க வெளியேற்றி, பின் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஜாக்கியால் ஆக்சிலை பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளவு. அப்புறம் ஆக்சுவேட்டர் நிற்கும்வரை இறக்கி இன்னொரு அளவு. ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கியும் பாருங்கள், ஹோஸ் இழுபடுவதும் லிங்க் புரளுவதும் அப்போதுதான் தெரியும். வண்டி நார்மலில் நிற்கும் அளவை இவற்றோடு ஒப்பிட்டால் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று வந்துவிடும். கீழே இருப்பது மேலே இருப்பதில் பாதிகூட இல்லையென்றால் சென்சாரைக் கொஞ்சம் திரும்ப இறக்குங்கள். எண்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.