ஜிசிசி 10க்கு மாறியதும் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ மழை: ஃபிளாக் போட்டு அடக்குவதா, ஹெடரைத் திருத்துவதா?

ராத்திரி ஷிஃப்ட்:
எஸ்டிஎம்32 எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, மோட்டார் கன்ட்ரோலர், பல பேர் கை மாறி வந்த பழைய சி கோட். டூல்செயினை, அதாவது கம்பைலரும் லிங்கரும் சேர்ந்த தொகுப்பை, ஜிசிசி 9லிருந்து 10க்கு மாற்றினேன், கோடில் ஒரு வரி கூடத் தொடவில்லை. கம்பைல் சுத்தமாக முடிகிறது, கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக்கும் லிங்க் கட்டத்தில் மட்டும் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’, ‘ஃபர்ஸ்ட் டிஃபைன்ட் ஹியர்’ என்று திரை நிரம்பி ஓடுகிறது. எல்லா ஹெடரிலும் இன்க்ளூட் கார்டு இருக்கிறது, பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ். என்ன செய்ய?

லிங்கர் மாமா:
இன்க்ளூட் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. ஒரே சி ஃபைலுக்குள் ஹெடர் இரண்டு முறை நுழையாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. உங்கள் ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’ (வேரியபிள் வேறு எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சொல்) இல்லாத குளோபல் வேரியபிள் ஏதாவது இருக்கும், அந்த ஹெடரைச் சேர்க்கிற ஒவ்வொரு ஃபைலும் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முன்பெல்லாம் ஜிசிசி அவற்றை ‘காமன்’ என்று குறித்துவிடும், லிங்கரும் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020ல் வந்த ஜிசிசி 10லிருந்து, நாம் எதுவும் சொல்லாவிட்டால் -எஃப்நோ-காமன்தான், அதாவது ‘காமன்’ என்று குறிக்காது. மேக்ஃபைலில் -எஃப்காமன் சேர்த்தால் பழையபடி லிங்க் ஆகும். ரிலீஸ் பண்ணிவிட்டுத் தூங்குங்கள்.

ஓம் விதி:
தூங்கலாம், கஸ்டமர் எழுப்புகிற வரை. அந்த ‘சத்தமில்லாமல்’ என்பதுதான் மாமா பிரச்சினையே. ஒரு ஃபைலில் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பைட், வேறு யாரோ எழுதிய இன்னொரு ஃபைலில் அதே பெயரில் நாலு பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிங்கர் பெரிய அளவை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒரே முகவரியில் உட்கார வைக்கும், எர்ரர் கிடையாது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் அழிப்பார், அதுவும் இன்டரப்ட் வரும் நேரத்தைப் பொறுத்து. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை ஹார்ட்வேர் கோளாறு என்று நினைத்து போர்டையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஹெடரில் எக்ஸ்டெர்ன், ஒரே ஒரு சி ஃபைலில் டெஃபினிஷன், அந்த சி ஃபைலும் அதே ஹெடரைச் சேர்க்க வேண்டும். டைப் மாறினால் அப்போது கம்பைலரே பிடித்துவிடும்.

லிங்கர் மாமா:
பாடப்புத்தகத்தில் சரி. ஃபீல்டில் ஓடிக்கொண்டிருக்கும் பொருள் இது. காமன் வேரியபிள்கள் பெரும்பாலான லிங்கர் ஸ்கிரிப்டில் பிஎஸ்எஸ் (ஆரம்ப மதிப்பு தராத வேரியபிள்களுக்கான மெமரிப் பகுதி) கடைசியில் போய் உட்காரும். நீங்கள் சொல்கிறபடி திருத்தினால் அவை இடம் மாறும். இத்தனை நாள் எந்த அர்ரேயாவது எல்லை தாண்டி, யாரும் தொடாத இடத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். நாளைக்கு அதே இடத்தில், மோட்டாருக்கு எவ்வளவு பவர் என்று தீர்மானிக்கும் பிடபிள்யூஎம் டியூட்டி வந்து உட்கார்ந்தால் மோட்டார் என்ன ஆகும்?

ஓம் விதி:
கம்பைலரையே மாற்றியாயிற்று, ஸ்டாக் பயன்பாடும் டைமிங்கும் மட்டும் அப்படியே இருக்கும் என்றா சொல்கிறீர்கள்? எதையும் அசைக்கக் கூடாது என்றால் 9லேயே இருக்கட்டும், அது நேர்மை. 10க்கும் போக வேண்டும், எதுவும் மாறவும் கூடாது என்றால் எப்படி?

ராத்திரி ஷிஃப்ட்:
இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மோட்டார் லைப்ரரி ஒன்று வெறும் .ஏ ஃபைலாக மட்டும் வந்தது, சோர்ஸ் இல்லை. அதை எப்படித் திருத்த?

லிங்கர் மாமா:
பாருங்கள், இதற்குத்தான் ஃபிளாக் என்றேன்.

என்எம் ரசிகன்:
அவசரப்படாதீர்கள். அந்த ஃபிளாக் கம்பைலருக்கு, லிங்கருக்கு இல்லை. ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்த .ஏ ஃபைலில் காமன் இருந்தால் அது காமனாகவே இருக்கும், உங்கள் பக்கம் ஒரே ஒரு டெஃபினிஷன் இருந்தால் லிங்கர் அதோடு சேர்த்துக்கொள்ளும், எர்ரர் வராது. ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியை ஓட்டிப் பாருங்கள், வேரியபிள் பக்கத்தில் ‘சி’ என்று வந்தால் காமன், ‘பி’ அல்லது ‘டி’ என்றால் முழு டெஃபினிஷன். லைப்ரரியோடு வந்த ஹெடரில் எக்ஸ்டெர்ன் விட்டுப்போயிருந்தால்தான் தலைவலி, அந்த ஹெடர் உங்கள் ஃபைல்களில்தானே நுழைகிறது.

அப்புறம், ஈனம்களை (enum, எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல்) பாருங்கள். ‘டைப்டெஃப்’ எழுத மறந்தால் கடைசியில் இருக்கும் பெயர் டைப் ஆகாது, வேரியபிள் ஆகிவிடும். பழைய கோடில் இது நிறையவே கிடக்கும். லினக்ஸ் கர்னலிலும் யூ-பூட் பூட்லோடரிலும் இருக்கும் டிடிசி-யே (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) ‘ஒய்ஒய்லாக்’ என்ற ஒரு வேரியபிளால் இதே எர்ரரில் மாட்டியது, அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் -எஃப்காமன் போட்டு, லிங்கருக்கு --வார்ன்-காமன் கொடுத்து ஒரு பில்டு எடுங்கள். எவை எவை ஒன்றாகின்றன, எங்கே அளவு பொருந்தவில்லை என்று அதுவே சொல்லும். அளவு மாறுபடுகிறவற்றை இன்றே பாருங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:
ஓட்டினேன். பெரும்பாலானவை டைப்டெஃப் இல்லாத ஈனம்தான், யாரும் பயன்படுத்தாத வேரியபிள்கள். ‘டைம்அவுட்’ என்று ஒன்று மட்டும் ஒரு இடத்தில் இரண்டு பைட், கேன் பஸ் (CAN) டிரைவரில் நாலு பைட்.

ஓம் விதி:
அதை ஃபிளாக் போட்டு மூடிவிட்டுத்தான் தூங்கச் சொன்னார் மாமா.

லிங்கர் மாமா:
அதை மட்டும் திருத்தட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மற்றதற்கு இந்த ரிலீஸில் ஃபிளாக் இருக்கட்டும். எல்லா ஹெடரையும் ஒரே ராத்திரியில் கலைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போவது நீங்களா?

ஓம் விதி:
பயன்படாத ஈனம் வேரியபிளை நீக்கக் கையெழுத்து எதற்கு? மாற்றுவதற்கு முன்னும் பின்னும், எது எந்த முகவரியில் என்று லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன நகர்ந்தது என்று தெரிந்துவிடும். ராத்திரி ஷிஃப்ட், மேப் ஃபைல் இரண்டையும் இங்கே போடுங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.