குடும்பத்தோடு ஒருநாள் படகுப் பயணம்: பாயார் தீவில் சிப்பி எடுக்க முடியுமா?

ஆயர் ஈத்தாம் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை குடும்பம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் வசிக்கிறது. சென்ற ஜூலையில் அவர்கள் கிறிஸ்டல் ரிவர் என்ற ஊரிலிருந்து படகில் சென்று, ஆளுயரத் தண்ணீரில் கண்ணாடியும் ஸ்நோர்கல் என்னும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தபடியே கடற்புல்லுக்குள் கிடந்த ஸ்காலப் சிப்பிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்த காணொளியை அனுப்பியிருந்தார்கள். ஓட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவு நீலக் கண்கள் வரிசையாக மின்னுவதைப் பார்த்ததிலிருந்து, 11 வயது மகனும் 7 வயது மகளும் தினமும் அதையே கேட்கிறார்கள். பினாங்கிலிருந்து ஒரே நாளில் போய்வரும்படி அப்படி ஓர் இடம் உண்டா? பினாங்கிற்கும் லங்காவிக்கும் இடையிலுள்ள பாயார் தீவைப் பலர் சொல்கிறார்கள். அங்கே சிப்பி எடுக்கலாமா, எந்த மாதத்தில் போவது நல்லது, 68 வயதான என் அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவும்.

சுங்கைப்பட்டாணி வாத்தியார் எழுதியது:

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு விடை, எடுக்கக் கூடாது என்பதே. பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் ஆகிய தீவுகளைச் சேர்த்துக் கடல் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். கரையிலிருந்து 2 கடல் மைல் தொலைவுக்குள் மீன் பிடிப்பதும், பவளத்தையோ சிப்பியையோ எடுப்பதும் சட்டப்படி குற்றம். மணலில் கிடக்கும் வெற்று ஓட்டையும் பையில் போடவேண்டாம் என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

உங்கள் தங்கை சென்ற இடத்தின் நிலைமை வேறு. அந்தச் சிப்பி இனம் ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே வாழ்வது, வேகமாகப் பெருகுவது. அப்படியிருந்தும் அந்த மாவட்டத்தில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 24 வரை மட்டுமே அனுமதி. ஓட்டோடு சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 காலன்தான். பவளத்திட்டு அப்படிப்பட்டதன்று. ஒரு கிளை முறிந்தால் அது மீண்டும் வளர உங்கள் மகள் பெரியவளாகிவிடுவாள்.

ஆனால் பார்ப்பதற்கு அங்கே குறைவே இல்லை. கரையோர ஆழமற்ற நீரில் துடுப்பு முனை கறுத்த சுறாக்குட்டிகள் கணுக்காலுக்குப் பக்கத்தில் திரிவதைப் பிள்ளைகள் நீந்தாமலேயே காணலாம். முகத்தை நீருக்குள் வைத்து அசையாமல் இருந்தால், கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் கற்கண்டைக் கடிப்பதுபோல் காதில் தெளிவாகக் கேட்கும். நான் முதன்முதலில் அதைக் கேட்ட அன்று நெடுநேரம் கரையேறவே இல்லை.

பட்டர்வொர்த் அக்கா எழுதியது:

தம்பி, பருவத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தீவு பினாங்கிற்கு வடக்கே ஏறத்தாழ 32 கடல் மைல், லங்காவிக்குத் தெற்கே 19 கடல் மைல். ஆகவே லங்காவியில் ஓர் இரவு தங்கி, அங்குள்ள குவா படகுத்துறையிலிருந்து காலையில் புறப்படுவதே பெரியவர்களுக்கு ஏற்றது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அந்நாள்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து காற்றும் மழையும் வரிசையாகத் திரண்டு வரும். மீனவர்கள் அதைச் 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள்.

நாங்கள் ஒரு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் அதில் மாட்டிக்கொண்டோம். புறப்பட்ட அரை மணி நேரத்தில் வானம் இருண்டு, அலை படகின் முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. என் மாமியார் இடுப்பு வலியோடு இரண்டு வாரம் படுத்திருந்தார். அதைவிட எனக்கு நெஞ்சு பதறியது வேறொன்றை நினைத்து: படகில் பெரியவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட் மட்டுமே இருந்ததால், என் சின்னவன் கையைத் தூக்கினாலே அது காதுவரை ஏறியது. பணம் கட்டுவதற்கு முன்பே பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கேட்டு, துறையில் அணிவித்து, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். நழுவினால் ஏறாதீர்கள். முந்தின நாள் இரவு மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் கடல் வானிலை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். அம்மா படகின் பின்பகுதியில் அமரட்டும். அங்கே குலுக்கல் குறைவு.

தெலுக் பஹாங் இளைஞன் எழுதியது:

அண்ணா, தூரம் அதிகம் என்று பினாங்குக் கரையிலேயே பிள்ளைகளை ஸ்நோர்கல் செய்ய விடாதீர்கள். நம் நீரிணை சேறு கலந்தது, கை நீட்டினால் விரல் தெரியாது. தேசியப் பூங்காக் கடற்கரைகளில் பெட்டி ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. எங்கே போனாலும் ஒரு போத்தல் வினிகர் எடுத்துச் செல்லுங்கள். கொட்டிய இடத்தில் நன்னீர் ஊற்றாமலும் தேய்க்காமலும் வினிகரை ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சேற்றுக் கரையில் கெராங் என்னும் சிறு சிப்பியைப் பொறுக்கிச் சமைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். சில நுண்பாசிகளின் நச்சு சிப்பியின் சதையில் சேரும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது அழியாது. சார் குவே தியோ என்ற வறுத்த நூடுல்ஸில் போடும் கெராங்கை எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைச் சந்தையில்தான் வாங்குவேன்.

ஆயர் ஈத்தாம் அப்பா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மார்ச்சில் லங்காவி வழியாகப் போக முடிவு செய்துவிட்டோம். அம்மா தீவின் கரையிலேயே நிழலில் அமர்ந்துகொள்வார். மகளுக்குப் பொருந்தும் கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பட்டர்வொர்த் அக்கா எழுதியது:

பட்டையை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பொருத்தமானது. முன்முடி ஒரு இழை உள்ளே சிக்கினாலும் தண்ணீர் கசியும், ஆகவே நெற்றி முடியை இறுகப் பின்னிவிடுங்கள். முதலில் வீட்டில் வாளித் தண்ணீரில் முகம் வைத்து, வாயால் மூச்சுவிட ஒரு வாரம் பழக்குங்கள்.