உருது பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கில ப்ரெபொசிஷன் (ஃப்ரம், சின்ஸ், பை போன்ற இணைப்புச் சொற்கள்): வீட்டு மொழி வழியாகவா, நேரடியாகவா?

பாலாற்றங்கரை:
வாணியம்பாடியில் மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் உருது பேசுபவர்கள். அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை 'ஸே' என்ற ஒரே உருதுச் சொல்லிலிருந்து வருகின்றன. 'அம்மீ ஸே பூச்சோ', அதாவது அம்மாவிடம் கேள், 'ஆஸ்க் ஃப்ரம் மதர்' ஆகிவிடுகிறது. 'குத்தே ஸே டர்' என்ற நாய்ப் பயம் 'அஃப்ரெய்ட் ஃப்ரம் டாக்' ஆகிறது. 'தோ சால் ஸே', அதாவது இரண்டு வருஷமாக, 'ஃபார் டூ இயர்ஸ்' என்று வராமல் 'சின்ஸ் டூ இயர்ஸ்' ஆகிறது. ஆகவே 'ஸே' எங்கே எப்படி மாறும் என்பதை முதலில் உருதுவிலேயே விளக்க வேண்டும் என்கிறேன்.

சிலேட்டுப்பலகை:
எனக்கு உடன்பாடில்லை சார். ஃப்ரம், வித், பை, தேன், சின்ஸ், ஆஃப் என்று 'ஸே'க்கு இத்தனை கொடுத்தால், பேசும்போது பிள்ளை எதை எடுக்கும்? 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்பதை ஒரே சொல்லாகப் பழக்குங்கள். 'ஆஸ்க்' என்றதும் நேராக ஆளைச் சொல்லட்டும். வகுப்புக்குள் உருதுவே வேண்டாம்.

பாலாற்றங்கரை:
வினைச்சொற்களுக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். காலத்தைச் சொல்லும்போது என்ன செய்வீர்கள்? 'தோ சால் ஸே', '2020 ஸே' இரண்டுக்கும் அதே 'ஸே'தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கடைத்தெருத் தமிழ் நன்றாகத் தெரியும். 'இரண்டு வருஷமாக' என்று வந்தால் ஃபார், '2020-இலிருந்து' என்று வந்தால் சின்ஸ். 'வரை', 'உள்' இரண்டுக்கும் உருதுவில் வரும் 'தக்' என்பதும் அப்படித்தான்: 'திங்கள் வரை' அன்டில், 'திங்களுக்குள்' பை. 'சப்மிட் அன்டில் மண்டே' என்று எழுதிய பெண் அன்றே திருத்திக்கொண்டாள்.

சிலேட்டுப்பலகை:
தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்றுதானே எழுதுகிறார்கள்? தமிழில் வேறுபாடு இருந்து என்ன பயன்?

பாலாற்றங்கரை:
அதை யாரும் அவர்களுக்குச் சுட்டிக்காட்டவில்லை. காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

ஆம்பூர்க்காரி:
எங்கள் வீட்டில் உருதுதான். 'கோ' என்ற உருதுச் சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே! 'பீர் கோ' (திங்களன்று) ஆன் மண்டே, 'ஷாம் கோ' இன் தி ஈவ்னிங், 'ராத் கோ' அட் நைட். இதற்குத் தமிழும் கைகொடுக்காது. எனக்கு இது கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. அங்கே சிலேட்டுப்பலகை சொல்வதுதான் சரி. ஆனால் அந்த 'வரை', 'உள்' இரண்டையும் பள்ளியில் ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனையோ சிவப்பு மைக் கோடுகள் மிச்சமாகியிருக்கும் சார்.

சிலேட்டுப்பலகை:
சரி, 'தக்'குக்கு மட்டும் அடுத்த வாரம் என் வகுப்பில் செய்துபார்க்கிறேன். 'ஸே'யில் என் கருத்து மாறவில்லை.