மனதுக்குள் பேசுவதை எப்படிக் குறிப்பது?

மைக்கூடு:
ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன், படர்க்கையில்தான், ஆனால் முழுக்க ஒரே பெண்ணின் பார்வையில் போகிறது. அவள் வாய்திறந்து பேசுவதைவிட மனதுக்குள் பேசுவது அதிகம். பேச்சுக்கும் நினைப்புக்கும் இரட்டை மேற்கோளே போட்டிருந்தேன், படித்த நண்பர் “இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளா?” என்று கேட்டுவிட்டார். சரி என்று நினைப்பையெல்லாம் சாய்வெழுத்தாக்கினால் பக்கமே கண்ணை உறுத்துகிறது. இதற்கு விதி ஏதாவது உண்டா? சிக்கலான இடம் இது:

கதவு திறந்தது. “வா, உட்கார்” என்றான். “இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.” அவள் நாற்காலியை இழுத்தாள்.

ஒற்றுப்பிழை:
விதி என்று எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துநடைக்கு வழிகாட்டும் சிகாகோ கையேடே நினைப்பை மேற்கோளுக்குள் போடலாம், போடாமலும் விடலாம், எழுதுகிறவர் விருப்பம் என்றுதான் சொல்கிறது. தமிழில் நிறையப் பேர் பேச்சுக்கு இரட்டை, நினைப்புக்கு ஒற்றை என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சிக்கலுக்கு அதுவே போதும். கதை முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேச்சுக்குள் வரும் மேற்கோளுக்கும் அழுத்தம் கொடுக்கும் சொல்லுக்கும் அதே ஒற்றைக்குறியைப் போட்டு வைத்திருந்தால் மறுபடி குழம்பும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரைப்புள்ளி:
முதலில் சாய்வெழுத்தை விடுங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனியாக வரைந்த வடிவமே கிடையாது, மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்து ஒருபக்கமாகத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் ஞ, ணை எல்லாம் காற்றில் சாய்ந்த வேலி மாதிரி நிற்கின்றன.

அப்புறம், குறியே எதற்கு என்று கேட்கிறேன். ஓலைச்சுவடியில் மேற்கோள்குறி கிடையாது, அது அச்சோடு வந்த பழக்கம். அதற்கு முன்பு ஒருவர் பேச்சு எங்கே முடிகிறது என்பதை ‘என’வும் ‘என்று’ம்தான் காட்டிக்கொடுத்தன, இன்றைக்கும் காட்டுகின்றன. ‘இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது’ என்று நினைத்தாள் என எழுதினால் அந்த இரண்டு குறிகளையும் எடுத்தாலும் ஒன்றும் குறையாது. ஆனால் பத்து வரிக்கு ஒருமுறை ‘என்று நினைத்தாள்’ வந்தால் அலுப்புத் தட்டும்தான்.

உங்கள் இடத்தை நான் இப்படி எழுதுவேன்:

கதவு திறந்தது. “வா, உட்கார்” என்றான். இவனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவள் நாற்காலியை இழுத்தாள்.

கதைசொல்லி அவனை ‘அவன்’ என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறார். திடீரென்று ‘இவன்’ வந்ததும் இது அவள் குரல் என்று காது பிடித்துக்கொள்கிறது. கூடவே ‘தெரிஞ்சுபோச்சு’. விவரிப்பு எழுத்துத் தமிழில் ஓடும்போது நடுவில் ஒரு பேச்சுத் தமிழ் வாக்கியம் வந்தால், மேற்கோள் இல்லாததால் அது வாயிலிருந்து வரவில்லை, மனதிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். நம்மிடம் இரண்டு தமிழ் இருப்பதே ஒரு நிறுத்தக்குறிதான், அதை விட்டுவிட்டு ஏன் குறிகளைத் தேடுகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

கால்வட்டம்:
மேலே சொன்னது அழகுதான், ஆனால் எல்லாக் கதைக்கும் ஒத்துவராது. கதைசொல்லியே வட்டார வழக்கில் பேசினால் ‘தெரிஞ்சுபோச்சு’ எதையும் பிரித்துக் காட்டாது. இன்னொரு பொறி தன்மையில் எழுதும் கதை. நான் தோற்றுவிட்டேன் என்று அவள் நினைத்தாள் என்றால் தோற்றது யார், கதை சொல்கிறவனா, அவளா? அங்கே ஒற்றை மேற்கோள் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ‘தான் தோற்றுவிட்டதாக நினைத்தாள்’ என்று மாற்ற வேண்டும், அப்படி மாற்றினால் அவள் குரல் போய்விடும், வெறும் தகவல்தான் மிஞ்சும். நான் குறியைப் போட்டுவிடுவேன்.

மைக்கூடு:
நன்றி. முழுக்கதையிலும் குறியை எடுத்துவிட்டு ‘இவன்’ வைத்துப் பார்த்தேன், பெரும்பாலான இடங்களில் நன்றாகவே நிற்கிறது. ஒரு இடத்தில் மட்டும் அவள் தன்னையே “ஏண்டி, உனக்கு வெட்கமாயில்லை?” என்று திட்டிக்கொள்கிறாள், குறி இல்லாமல் படித்தால் யாரோ உள்ளே வந்து திட்டுகிற மாதிரி இருக்கிறது. அதற்கு மட்டும் ஒற்றை மேற்கோள் போட்டால் அடிக்க வருவீர்களா?

அரைப்புள்ளி:
போடுங்கள். அங்கே அவள் நினைக்கவில்லை, தன்னோடு பேசுகிறாள்.