அந்தக் கேடயம் எங்கிருந்து வந்தது?

வெண்புரவி:
கோடை விடுமுறை, சனிக்கிழமை, வெளியே தலைகாட்ட முடியாத வெயில். வேறு வேலை எதுவும் இல்லாமல் வீட்டில் எல்லோரும் தரையில் படுத்துக்கொண்டு 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தை மறுபடியும் பார்த்தோம். 181 நிமிடமும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த நிறைவோடு இங்கே வந்தால் மாயாண்டி எழுதியிருப்பது கண்ணில் படுகிறது: "கேப்டன் அமெரிக்கா கடந்த காலத்துக்குப் போய், இதே உலகத்தில்தான் தன் பழைய காதலி பெக்கி கார்ட்டரின் கணவராக ஒளிந்து வாழ்ந்து கிழவர் ஆனார். இது புரியாதவர்கள் படத்தைத் தூங்கிக்கொண்டே பார்த்தவர்கள்."

தூங்கியது யார் என்று பார்த்துவிடலாம். இறுதிப் போரில் வில்லன் தானோஸ் தன் இரட்டை முனை வாளால் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தை வெட்டி வெட்டி உடைக்கிறான். மிஞ்சிய துண்டின் வாரைக் கையில் இறுக்கிக்கொண்டு ஸ்டீவ் ரோஜர்ஸ், அதாவது கேப்டன் அமெரிக்கா, ஒற்றை ஆளாக எழுந்து நிற்கிறார். இதைப் பார்த்தீர்களா, இல்லையா? அப்படியானால் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவர், உறையிலிருந்து எடுத்து நண்பர் சாம் வில்சனிடம் கொடுக்கும் கேடயம் எப்படி முழு வட்டமாக இருக்கிறது? அது இந்த உலகத்துக் கேடயம் இல்லை. அவர் வேறொரு காலக்கிளையில், அதாவது தனியாகப் பிரிந்த இன்னொரு உலகத்தில், வாழ்ந்துவிட்டு அங்கிருந்து கொண்டுவந்தது.

மாயாண்டி:
என் பெயரைச் சொல்லிக் கூட்டம் கூட்டியதற்கு நன்றி. திரைக்கதை எழுதிய கிறிஸ்டோபர் மார்க்கஸும் ஸ்டீபன் மெக்ஃபீலியும் அவர் இதே உலகத்தில்தான் வாழ்ந்தார் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் போலிருக்கிறது.

படத்திலேயே சான்று இருக்கிறது. கடந்த காலத்துக்குப் போன ஸ்டீவைத் திரும்ப வரவழைக்க ஹல்க் ஐந்து விநாடி எண்ணுகிறார். காலப்பயண மேடை காலியாகவே இருக்கிறது. அங்கே வந்து இறங்கவேண்டியவர் சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி? நம்மோடு இதே உலகத்தில் வயதாகி, நடந்தே வந்து உட்கார்ந்திருக்கிறார். இதற்குக் காலக்கிளையும் வேண்டாம், வேரும் வேண்டாம்.

வெண்புரவி:
எழுதியவர்களைப் பற்றிச் சொன்னீர்கள், இயக்கியவர்களை ஏன் மறைத்தீர்கள்? ஆண்டனி ரூசோ, ஜோ ரூசோ இருவரும் அவர் வேறு கிளையில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்ததாகத்தான் சொன்னார்கள். பாதியை மட்டும் எடுத்துப் போடுவது வாதம் ஆகாது.

மேடைக் கதையும் நிற்காது. 2012இலிருந்து 1970க்கு டோனி ஸ்டார்க்கும் ஸ்டீவும் எந்த மேடை வழியாகப் போனார்கள்? கையில் கட்டிய கருவியும் காலப்பயணத்துக்கான பிம் துகளில் மிச்சமிருந்ததும் போதுமானதாக இருந்தன. கேடயத்தைப் பற்றி ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

இளவேனில்:
ஒரு சின்ன வேண்டுகோள். காலக்கிளை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? மந்திரவாதிகளின் தலைவியான பண்டையவர் ஹல்க்கிடம், பேராற்றல் கொண்ட ஆறு கற்களில் ஒன்றை எடுத்தால் கிளை பிரியும் என்கிறார். ஹல்க் மற்றவர்களிடம், கடந்த காலத்தை மாற்றினாலும் நம் எதிர்காலம் மாறாது என்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

மாயாண்டி:
கேடயம் கேடயம் என்று குதிக்கிறீர்களே, அதைச் செய்த வைப்ரேனியம் உலோகம் வகாண்டா நாட்டில் மலையாகக் கிடக்கிறது. புதிதாக ஒன்று செய்து வாங்கியிருப்பார். அவ்வளவுதான்.

வெண்புரவி:
எப்போது வாங்கினார்? நீங்கள் சொல்லும் கிழவர் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வாழ்ந்தவர். வகாண்டா தன் வளத்தை உலகத்துக்கு மறைத்து வைத்திருந்த நாடு. ஒளிந்திருந்தவர் மறைந்திருந்த நாட்டின் கதவைத் தட்டி ஒரு கேடயம் செய்து கொடுங்கள் என்று கேட்டாரா? 2011இல் வந்த முதல் கேப்டன் அமெரிக்கா படத்தில் டோனியின் அப்பா ஹோவர்ட் ஸ்டார்க் தங்களிடம் இருந்த வைப்ரேனியம் முழுவதும் அந்தக் கேடயத்திலேயே தீர்ந்துவிட்டது என்கிறார். இல்லாத காட்சியை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டு, எழுத்தாளர்களை வேறு சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

காலச்சக்கரன்:
வெண்புரவி சொல்வதில் பாதி சரி. ஆனால் கேடயத்தைவிட வலுவான சான்று பெக்கியின் பேட்டி. 2014இல் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தில் அருங்காட்சியகக் காட்சி வருகிறது. 1953இல் எடுத்த பேட்டியில் பெக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஸ்டீவ் காப்பாற்றினார், பிற்பாடு என் கணவரான மனிதரும் அவர்களில் ஒருவர் என்கிறார். காப்பாற்றியவரும் காப்பாற்றப்பட்டவரும் ஒரே ஆளாக எப்படி இருக்க முடியும்? 'எண்ட்கேம்' படத்தின் 1970 காட்சியில் பெக்கியின் மேசையில் இருப்பதும் மருந்து ஏற்றுவதற்கு முந்தைய ஒல்லியான ஸ்டீவின் படம். வீட்டில் அவரே கணவராக இருந்தால் அந்தப் படத்தை இப்படி நினைவுச்சின்னமாக வைத்திருப்பாரா?

வெண்புரவி:
பாதி சரி என்று எனக்கு மதிப்பெண் போட உங்களை யாரும் அழைக்கவில்லை. பேட்டியை மழுப்பிவிடலாம். கணவரை மறைக்க பெக்கி பொய் சொன்னார் என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள். கேடயம் பொய் சொல்லாது.

மாயாண்டி:
பெக்கி உளவுத்துறையில் வேலை பார்த்தவர். கணவர் யார் என்று கேமரா முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவாரா? மேசையில் பழைய படத்தை வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். நன்றி, காலச்சக்கரன். என் கட்சிக்கு நல்ல சான்று கொடுத்தீர்கள்.

காலச்சக்கரன்:
நான் யார் கட்சிக்கும் சான்று கொடுக்கவில்லை. இருவருக்கும் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வெண்புரவி:
முயலையும் காலையும் விடுங்கள். மாயாண்டியின் கதை உண்மையானால் அது ஸ்டீவ் ரோஜர்ஸுக்கு என்ன செய்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்கிறீர்களா? எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

இதே உலகத்தில் அவர் வாழ்ந்திருந்தால், உயிர் நண்பன் பக்கி உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு அவனைப் பிடித்து வைத்து, நினைவை அழித்து அழித்துக் கொலைகாரனாக்கிக்கொண்டிருப்பது தெரியும். தன் மனைவி கட்டி எழுப்பிய ஷீல்டு உளவு அமைப்புக்குள்ளேயே ஹைட்ரா புகுந்திருப்பது தெரியும். 1991 டிசம்பர் 16 அன்று அதே பக்கியின் கையால் ஹோவர்ட் ஸ்டார்க்கும் அவர் மனைவியும் சாகப்போவது தெரியும். எல்லாம் தெரிந்தும் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் பாட்டுக்கு நடனமாடிக்கொண்டிருந்தாரா? ஒரு பக்கிக்காக நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையையே தூக்கி எறிந்தவர் அவர். அந்த மனிதரை எழுபது ஆண்டு வாய்மூடி உட்கார்ந்திருந்த கோழையாக்கிவிட்டு, அதைக் காதல் என்கிறீர்கள்.

வேறு கிளை என்றால் அவர் போன இடத்தில் பக்கியை மீட்டிருப்பார், ஹைட்ராவைப் பிடுங்கி எறிந்திருப்பார், அந்த உலகத்துக்கு ஒரு நல்ல வாழ்வு கிடைத்திருக்கும். அங்கே உடையாமல் இருந்த கேடயம்தான் சாமின் கைக்கு வந்தது. எல்லாம் பொருந்துகிறது.

மாயாண்டி:
மீட்டிருப்பார், எறிந்திருப்பார், கிடைத்திருக்கும். இல்லாத காட்சியை எழுதுவது யார் இப்போது? சாம் அந்த மோதிரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார். கிழவர் சொல்ல மறுக்கிறார். அவ்வளவுதான் படம். உங்கள் மீட்பும் புரட்சியும் அதில் எங்கே இருக்கின்றன?

வெண்புரவி:
கேடயம் இருக்கிறது. அதுவும் முழுதாக.

பழையகணக்கு:
வெண்புரவி அடித்துப் பேசுவதைப் பார்த்தால் பழைய ஞாபகம் வருகிறது. 2019 ஜூலையில் 'எண்ட்கேம்' வசூலில் 'அவதார்' படத்தைத் தாண்டியபோது, இனி எந்தப் படமும் இதை நெருங்காது என்று இதே குரலில் முழங்கினார். 2021 மார்ச்சில் சீனாவில் மறுவெளியீடு ஆனதும் 'அவதார்' மறுபடி முதலிடத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவரை ஆளையே காணவில்லை.

வெண்புரவி:
நான் எங்கும் போகவில்லை. பத்து ஆண்டு பழைய படத்தைத் தூசி தட்டித் திரும்ப ஓட்டிச் சேர்த்த பணத்தை நான் சாதனையாகக் கருதுவதில்லை. அன்றும் அதைத்தான் சொன்னேன்.

பழையகணக்கு:
அப்படியா? 2019 ஜூன் கடைசியில் கூடுதல் காட்சிகளை ஒட்டி 'எண்ட்கேம்' படத்தையே மறுவெளியீடு செய்தார்களே, அந்தப் பணத்தையும் கழித்துவிடுவீர்களா? உங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒரு நீதி, ஊர்க் கணக்குக்கு ஒரு நீதி.

வெண்புரவி:
திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த படத்துக்குக் காட்சியைச் சேர்ப்பது மறுவெளியீடு ஆகாது. தோற்ற வயிற்றெரிச்சலை இன்னும் எத்தனை ஆண்டு சுமப்பீர்கள்?

இளவேனில்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நிலாச்சுடர்:
கேடயத்துக்கும் வசூலுக்கும் இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள். அவெஞ்சர்ஸ் குழுவின் நடாஷாவைப் பற்றி ஒருவருக்கும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. வோர்மியர் கோளில் தன் உயிரைக் கொடுத்து ஆன்மக் கல்லை வாங்கிக் கொடுத்தவர். அவர் இல்லாவிட்டால் தானோஸின் படையை அழிக்க டோனி விரலைச் சொடுக்குவதற்கு ஆறு கற்களே சேர்ந்திருக்காது. டோனிக்கு எல்லா நாயகர்களும் வரிசையாக நின்று இறுதி அஞ்சலி. நடாஷாவுக்கு ஏரிக்கரையில் ஐந்து பேர் நின்று கொஞ்சம் பேசிக்கொண்டதோடு சரி. இதைத்தான் ஒரு குறையும் இல்லாத படம் போலக் கொண்டாடுகிறீர்கள்.

வெண்புரவி:
சகோதரி, அது வேறு விஷயம். போர் முன்னால் நிற்கும்போது நடாஷாவுக்குப் பெரிய அஞ்சலிக் காட்சி வைத்தால் படம் தொய்ந்துவிடும். 2021இல் அவருக்கென்று தனிப்படமே வந்துவிட்டது, அதன் கடைசியில் கல்லறையையும் காட்டினார்கள். இங்கே பேசிக்கொண்டிருப்பது கேடயத்தைப் பற்றி.

நிலாச்சுடர்:
செத்த பிறகு இரண்டு ஆண்டு கழித்து, படம் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடிய பிறகு ஒரு கல்லறை. அதற்கு நான் நன்றி சொல்லவேண்டுமா? தானோஸால் பாதி உலகம் அழிந்த பிறகு ஐந்து ஆண்டு அந்தக் குழு கலைந்துபோகாமல் பிடித்து வைத்திருந்தது அவர். ஸ்டீவின் மனசாட்சிக்காக இரண்டு பத்தி எழுதினீர்கள். நடாஷா என்றதும் "வேறு விஷயம்" ஆகிவிடுகிறதா?

மாயாண்டி:
நிலாச்சுடர் சரியாகக் கேட்டிருக்கிறார். வெண்புரவியின் நியாய உணர்வு ஒரே ஓர் ஆளுக்கு மட்டும்தான் பொங்கும்.

நிலாச்சுடர்:
நீங்கள் என் தோளில் ஏறி அவரை அடிக்க வேண்டாம், மாயாண்டி. போன மாதம் நடாஷாவை "துணைப்பாத்திரம்" என்று எழுதியது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

மாயாண்டி:
துணைப்பாத்திரத்தைத் துணைப்பாத்திரம் என்றுதான் எழுத முடியும்.

வெண்புரவி:
இதோ, தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். நிலாச்சுடர், நீங்களே சொல்லுங்கள்: இப்படிப்பட்டவர் கேடயத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்திருப்பாரா?

நிலாச்சுடர்:
உங்கள் இருவர் பக்கமும் நான் இல்லை. நடாஷாவுக்குப் பதில் சொல்லுங்கள்.