அரைப் போத்தல் சாராயமும் ஆடாதோடை இலையும்

தலவாக்கலையிலிருந்து:

வீட்டில் டிங்சர், அதாவது மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்தெடுக்கிற மருந்து, போட ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. முதல் போத்தலை அப்படியே கானில், வாய்க்காலில், ஊற்றினேன். மழைப்பக்கம் இருக்கிற மற்றவர்களுக்கும் இது நடக்கலாம் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

கடையில் வாங்கிய அரைப் போத்தல் சாராயம், 375 மில்லிலீட்டர். லேபலில் 33.5 சதவீதம் என்று போட்டிருந்தது. வேலியில் பறித்த பச்சை ஆடாதோடை இலை 200 கிராமை நறுக்கி, பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டு ஊற்றி மூடினேன். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. அது இறங்கி, சாராயத்தின் காரம் 25 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மேலே மிதந்த இலையில் மூன்றாம் வாரமே பூஞ்சணம்.

சரி, காய வைத்துப் போடலாம் என்றால் எங்கே காய்வது? இங்கே வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை வெயிலைத் தேட வேண்டும். கடைசியில் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, புகை படாத பக்கமாக அடுப்படியில் தொங்கவிட்டேன். ஆறு நாள் ஆனது. கையில் கசக்கினால் இலை தூளாக வேண்டும், காம்பு சடக்கென்று ஒடிய வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படிக் காய்ந்ததில் 75 கிராம், அதே அரைப் போத்தல் சாராயம், இலை ஒன்றுக்குச் சாராயம் ஐந்து. இலை மேலே வராதபடி அமுக்கி, தினமும் ஒரு தடவை குலுக்கி, ஆறு வாரம் இருட்டில் வைத்தேன். பழைய வேட்டித் துணியில் பிழிந்தபோது கரும்பச்சையாக, நாக்கில் பட்டால் முகம் சுளிக்கிற கசப்போடு வந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு பெரிய தப்புச் செய்யப் போனேன். பக்கத்து லயத்து அக்கா, மகளுக்கு விடாத இருமல் என்று வந்து கேட்டார். சின்னப் போத்தலில் ஊற்றிக் கையில் கொடுத்தும் விட்டேன். உள்ளேயிருந்து அம்மாயி, “யாருக்குடி?” என்றார். சொன்னேன். “அது ஆறு மாசப் புள்ளத்தாச்சி. ஆடாதோடை கொடுக்கப்படாது!” என்று பதறிப்போனார். ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்கிற சத்து கருப்பையைச் சுருங்க வைக்கும் என்பதை அப்புறம்தான் படித்தேன். சாராயமே கர்ப்பிணிக்கு ஆகாது, அதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பண்டாரவளையிலிருந்து:

அம்மாயிக்குக் கோடி புண்ணியம், தங்கச்சி. எங்கள் வீட்டில் சாராயப் போத்தலே நுழையக் கூடாது. அப்பா குடித்தே போனவர். மருந்துக்கென்று வைத்தாலும் அம்மா தாங்கமாட்டார். அதனால் நான் தென்னை வினாகிரியில்தான் வல்லாரை போடுகிறேன். சாராயம் அளவுக்குச் சத்து இறங்காது, அவ்வளவு நாளும் இருக்காது. பிரிட்ஜில் வைத்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவேன். தகர மூடி வேண்டாம், வினாகிரி அதை அரித்துவிடும்.

உங்களுக்கு மழை கொட்டுகிற ஆடியில்தான் எங்கள் ஊவாப் பக்கம் வெயிலும் கச்சான் காற்றும். நிழலில் பரப்பினாலே இலை மொறுமொறுவென்று ஆகிவிடும். தேயிலை மலையில், கான் ஓரத்தில் எவ்வளவு செழிப்பான வல்லாரை நின்றாலும் பறிக்காதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்து அதிலும் படும். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி போதும்.

இன்னொன்று. சாராயம் விலை என்று கசிப்பிலோ (கள்ளச்சாராயம்), கடையில் விற்கிற மெதிலேட்டட் ஸ்பிரிட்டிலோ யாரும் போட வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய மெதனோல் என்கிற விஷம் கண்ணைப் பறித்துவிடும், உயிரையும் எடுக்கும்.

தலவாக்கலையிலிருந்து:

நன்றி அக்கா. இப்போது ஒவ்வொரு போத்தலிலும் இலையின் பெயர், போட்ட தேதி, யாருக்கு ஆகாது என்று மூன்று வரி எழுதி ஒட்டுகிறேன். மூன்றாவது வரியை அம்மாயி சொல்லச் சொல்லத்தான் எழுதுவது.